நீ தொடக்கூடாத ப்ரவுசர்

கண்ணு,

நீயும் காவ்யாவும் வெளிநாடு போய்ச் சேர்ந்து, வீட்டைத் திறந்து, முதல் சோறும் வடித்துவிட்டதாகப் போனில் சொன்னீர்கள். சோறு குழைந்துவிட்டது என்று காவ்யா சொன்னதும், அந்த ஊர் அரிசிக்குத் தண்ணீர் குறைத்து வையுங்கள் என்று நான் சொன்னதும், அப்பா குறுக்கே புகுந்து குளிர் எப்படி என்று விசாரித்ததும் எல்லாம் ஆயிற்று. ஒன்றை மட்டும் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதைப் பேசாமல் இருப்பதற்குத்தான் நாம் இருவரும் பழகிப் போயிருக்கிறோமே. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், சிட்டு ப்ரவுசரின் இணையப் பக்கத்தில், அதைப் பயன்படுத்துகிற எல்லோரும் படிக்கிற இடத்தில். "பெத்த பையனுக்கு எழுதறத எதுக்கு ஊரே படிக்கற மாதிரி எழுதற?" என்று அப்பா கேட்டார். தனியாக எழுதினால், நாளைக்கு உன் கம்பெனியில் யாராவது உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த ப்ரவுசரைப் பற்றி உன் அம்மா உனக்கு என்ன எழுதினார் என்று கேட்கலாம். அப்போது நீ எதைக் காட்டுவாய், எதை விளக்குவாய்? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் ஒட்டுக்கேட்க யாரும் வரமாட்டார்கள்.

படிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். வேலை பார்த்த காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு விடையை மட்டும் எழுதிவிட்டுப் போக வராது. ஒவ்வொரு படியையும் எழுதியாக வேண்டும்.

நீ இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது மதுக்கரையில் நம் வீட்டில் இருந்தது, அப்பா எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்த சிமெண்ட் ஆலையில் கழித்துக்கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டர். அப்பா அதைத் திறந்து, உள்ளே படிந்திருந்த சாம்பல் தூசியை ஊதித் துடைத்துக் கொடுத்தார். அதில் எழுதலாம், கணக்குப் போடலாம். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மட்டும் திணறி நின்றுவிடும். பரீட்சை முடிவு பார்க்கப் போய் அது உறைந்து நின்ற அன்றைக்கு நீ நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாய். "கம்ப்யூட்டர் நல்லாத்தாங்கம்மா இருக்குது. ப்ரவுசர்தான் நெம்பக் கனம். இதுக்குத் தகுந்த மாதிரி நானே ஒண்ணு எழுதறேன்" என்றாய். அப்பா சிரித்தார். "ஏங்கண்ணு, அதெல்லாம் பெரிய பெரிய கம்பெனிக்காரன் ஆளுகளக் கூட்டம் கூட்டமா வெச்சு எழுதறது. நீ ஒருத்தன் உக்காந்து என்ன எழுதிப்போடுவ?" என்றார். நீ பதில் சொல்லவில்லை. அவருக்கு மட்டும் அல்ல, யார் எது சொன்னாலும் பதில் சொல்லாமல் போய் வேலையில் உட்கார்ந்துவிடுவது உன் பிறவிக் குணம்.

முதல் முதலில் உன் ப்ரவுசரில் ஒரு பக்கம் தெரிந்தபோது என்னைத்தான் கூப்பிட்டாய். படம் கிடையாது, நிறம் கிடையாது, வெறும் எழுத்து. அதிலும் ‘கோயமுத்தூர்’ என்ற சொல் கொம்பு பின்னால் தள்ளி, கால் தனியாக, புள்ளி தலையை விட்டு இறங்கிப் பக்கத்தில் என்று அலங்கோலமாகக் கிடந்தது. "ஆங்கிலத்துல எல்லாம் சரியா வருதுங்கம்மா, தமிழ்தான் ஒதைக்குது" என்றாய். எந்தக் குறி எழுத்துக்கு முன்னால் வரும், எது பின்னால் வரும், எது இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும் என்று நான் விடைத்தாள் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். நீ அதைப் பார்த்துப் பார்த்து நிரலாக்கினாய். சிட்டுவுக்குள் நான் போனது அந்த வழியாகத்தான். அப்புறம் மெனுவில் வருகிற சொற்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் உதவிக் குறிப்புகள். எடை இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சிட்டு என்று பேர் வைத்ததும் நான்தான்.

படிப்பு முடிந்து சரவணம்பட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குப் போன பிறகும் நீ அதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகை விடுமுறைகளும் அதற்கே போயின. எழுதியதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தாய். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கோ குளிர் நாட்டில் இருக்கிற இரினா என்ற பெண் தானாக வந்து உன் நிரலில் பிழை பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தாள். உடுமலைப்பேட்டையில் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் சரஸ்வதி எழுதினார். அவருக்குக் கண் பார்வை கிடையாது. பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதியை வைத்துத்தான் அவர் பாடத்துக்குத் தயார் செய்வார். தன்னுடைய பழைய லேப்டாப்பில் தடங்கல் இல்லாமல் தமிழைப் படித்துக் காட்டுவது சிட்டு ஒன்றுதான் என்று சொன்னார். அன்றைக்கு நீ ரொம்பச் சந்தோஷமாக இருந்தாய். நீ அப்படி இருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் உன்னைப் பார்க்கும் பார்வை மாறிப்போன வாரம் அது. நீ மட்டும் ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாய். "இதுல கையெழுத்துப் போட்டா, வேலைல இருக்கற வரைக்கும் நான் எழுதற எதுவும் எனக்குச் சொந்தமில்லீங்கம்மா. ஊட்ல உக்காந்து எழுதினாலும் அவங்களுதுதான்" என்றாய். அவர்களே ப்ரவுசர் செய்கிற கம்பெனி. அனுமதி கேட்டு எழுதினாய், முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. நீ ஒரு வரி எழுதி அது சிட்டுவுக்குள் போய்விட்டால், சிட்டுவே எங்களுடையது என்று அவர்கள் ஒரு நாள் வந்து நிற்கலாம். அப்படி வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வரமாட்டார்கள் என்றும் யாரும் எழுதித் தரவில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று படிப்பவர்கள் நினைப்பார்கள். அந்த வேலையை நம்பித்தான் பொள்ளாச்சியில் காவ்யாவைப் பெண் பேசி முடித்திருந்தோம். கொப்பரை வியாபாரம் செய்கிற குடும்பம், நல்ல மனுஷர்கள். உன் பெரியப்பா அங்கே போய், மாப்பிள்ளை இன்ன கம்பெனிக்குப் போகப் போகிறார் என்று நீ சரி சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டு வந்திருந்தார். நீ கையெழுத்துப் போட்டாய். அதற்கு முந்தின நாள் சிட்டுவை என் பேருக்கு எழுதி வைத்தாய். நான் அப்போதுதான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். "பேருக்குத்தாங்கம்மா. இத வெச்சிருக்கறவங்ககிட்டச் சொல்லிப்போட்டு மெல்ல மூடிருங்க" என்றாய். மூடிவிடுகிறேன் என்று நானும் சொன்னேன். சொல்லும்போது அப்படித்தான் நினைத்தேன்.

மூடப்போகிறோம், இனித் திருத்தங்கள் வராது, நாளாக நாளாகப் பக்கங்கள் திறக்காமல் போய்விடும் என்று எல்லோருக்கும் எழுதினேன். இரினா வருத்தப்பட்டு எழுதினாள். வேறு பலர் கோபப்பட்டார்கள். சரஸ்வதி மட்டும் போன் செய்தார். "மூடறதுன்னா மூடுங்க டீச்சர். எனக்கு எத்தனை நாள் இருக்குதுன்னு மட்டும் சொல்லிருங்க. நான் பாடமெல்லாம் முன்னாடியே கேட்டு வெச்சுக்கறேன்" என்றார். அவர் அழுதிருந்தால், கெஞ்சியிருந்தால் மூடியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு நிதானமாகக் கேட்டவரிடம் ஒரு தேதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாக்கலாமுங்க" என்றேன். அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கணக்கு டீச்சருக்கு அது அவ்வளவு கஷ்டம் இல்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. மாடியில் உன் அறையில் நீ கம்பெனி வேலை பார்ப்பாய். கீழே சாப்பாட்டு மேசையில் நான் நீ பத்தொன்பது வயதில் எழுதிவைத்ததைப் படித்துக்கொண்டிருப்பேன். என்ன அவசரமோ உனக்கு அப்போது, எதற்கும் ஒரு விளக்கம் எழுதி வைக்கவில்லை. நீ காபிக்கு இறங்கி வருவாய். கண் தானாக என் திரைக்குப் போகும், உடனே சுவரைப் பார்ப்பாய். ஒருநாள் நான் தேடிக்கொண்டிருந்த பிழை உனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாய், குடிக்கவில்லை. பிறகு கை கழுவும் இடத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாய். "அம்மா, இத உங்க ரூம்ல வெச்சு செய்யுங்களேன்" என்றாய், என் பக்கம் திரும்பாமலே. "அங்க வெளிச்சம் பத்தாது கண்ணு" என்றேன். "அப்ப நான் காபிய மாடிக்கே எடுத்துட்டுப் போயர்றேனுங்க" என்றாய். அன்றிலிருந்து உன் காபி மாடிக்குப் போனது. ஒரே வீட்டில் நீயும் நானும் ஒரே வேலையை நினைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடமாடினோம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்புள்ள, அவன் வாயத் தொறந்து ஒண்ணு சொன்னா எவனுக்குத் தெரியப் போகுது? கம்பெனிக்காரன் நம்ம ஊட்டுச் சமையக்கட்டுலயா வந்து உக்காந்திருக்கறான்?" என்று கேட்டார். "அவனுக்குத் தெரியுமுங்க, எனக்குத் தெரியுமுங்க" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தக் கடுமையான குறை தெரிய வந்தது. சிட்டுவில் ஒரு பக்கத்தில் நீ எதையாவது தட்டச்சு செய்தால், கூடவே திறந்திருக்கும் இன்னொரு பக்கம் கெட்ட நோக்கத்தோடு எழுதப்பட்டதாக இருந்தால், அது அதை எட்டிப் பார்த்துவிடலாம். பாஸ்வேர்டைக்கூட. அதைக் கண்டுபிடித்தவர் முன்பின் தெரியாதவர், நியாயமானவரும்கூட. எனக்கு மட்டும் எழுதினார். அந்தத் துறையின் வழக்கப்படி ஒரு கெடுவும் வைத்தார். அதற்குள் சரிசெய்யாவிட்டால், பயன்படுத்துகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று எல்லோரும் அறிய வெளியிட்டுவிடுவார். கெடு உன் கல்யாண வாரத்தில் முடிந்தது.

குறை இருந்த இடம் நீ உயிரைக் கொடுத்து எழுதிய இடம். திறந்திருக்கிற பக்கங்கள் எல்லாம் ஒரே நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால்தான் சிட்டு அத்தனை லேசாக இருந்தது. அந்த வித்தையைக் கண்டுபிடித்த அன்று நீ ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவைத் தெருமுனையில் பிடித்து நிறுத்திச் சொன்னாயாம், அவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்டினாராம். அந்த நிரலைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் திரையில் அந்த இடமே நாள் கணக்கில் திறந்து கிடந்ததைப் போக வர நீயும் பார்த்திருக்க வேண்டும். இரினாவும் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. ஜவுளி எடுக்கப் போன கடையில், சேலைகளை விரித்துப் போட்டுவிட்டு எந்த நிறம் என்று கேட்கிறார்கள், எனக்குக் கண் முன்னால் உன் நிரல்தான் ஓடியது. ஏதோ ஒன்றைக் காட்டினேன். காவ்யாவின் அம்மா "சம்பந்தியம்மாவுக்கு நெம்ப எளிமையான மனசுங்க" என்றார்.

சீர் பேசுவதற்காக நாம் இருவரும் காரில் பொள்ளாச்சி போனோமே, அந்த நாளைப் பற்றி நாம் அப்புறம் பேசவே இல்லை. கிணத்துக்கடவு தாண்டியதும் நீ ரேடியோவை அணைத்தாய். "அம்மா, உங்க கிளாஸ்ல" என்று ஆரம்பித்தாய். நீ பள்ளிக்கூடப் பேச்சைத் தானாக எடுக்கிறவன் அல்ல. அந்தக் குறையைத்தான் ஜாடையாகச் சொல்ல வருகிறாய் என்று உன் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நிறுத்து கண்ணு" என்றேன்.

"நான் சும்மா ஒரு கதைதாங்கம்மா சொல்றேன்."

"கதையும் வேண்டாம்."

வண்டியை ஓரம் கட்டினாய். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தைங்கம்மா. ஒரே வார்த்தை. நீங்க இத்தன நாள் தேடிட்டு இருக்கறது ஒரு வார்த்தைல முடிஞ்சுபோயிரும். உங்களப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியலீங்க" என்றாய்.

"அந்த வார்த்தைய நீ சொல்லிப்போட்டா, இது எப்புடிச் சரியாச்சுன்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்? பொய்யா சொல்லட்டும்? நீ கையெழுத்துப் போட்டுருக்கற கண்ணு."

"கையெழுத்து, கையெழுத்து. அதப் போட்ட நாள்லேருந்து நான் ஊட்டுக்குள்ளயே ஒளிஞ்சு ஒளிஞ்சு நடந்துட்டு இருக்கறேன்" என்று கத்தினாய். நீ என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று நம்மை ஒட்டிக்கொண்டு போனது, வண்டியே ஆடியது. பிறகு நீ வண்டியை எடுத்தாய். பொள்ளாச்சி போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேரும் சிரித்த முகமாக இறங்கினோம். வகுப்பில் என்ன என்று நீ சொல்ல வந்தாய் என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அதை இங்கே எல்லோரும் அறிய எழுதி வைக்கிறேன். அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

சரியான தீர்வு என்று ஒன்று இருந்திருக்கும். பக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றை ஒன்று பார்க்காதபடி, லேசாகவும் இருக்கும்படி, உனக்குத் தெரிந்த ஏதோ ஒரு வழி. அது எனக்கு எட்டவில்லை. எனக்கு எட்டியது வேறு. எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஆளே இல்லாமல் செய்துவிடுவது. சிட்டுவில் இனி ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறக்கும். இன்னொன்றைத் திறந்தால் முதலாவது மூடி, அதன் நினைவும் துடைக்கப்பட்டுவிடும். உன் வித்தை முழுவதையும் எடுத்தால்தான் அது நடக்கும். எடுத்தேன். நீ எழுதியதைப் பக்கம் பக்கமாக அழித்தேன். அம்மாக்கள் பிள்ளையின் பழைய சட்டையைக்கூட எடுத்து வைப்பார்கள், நான் இதைச் செய்தேன். இரினா சரிபார்த்து, பாதுகாப்பாக இருக்கிறது, ஆனால் நிறையப் பேர் திட்டுவார்கள் என்று எழுதினாள். முகூர்த்தக்கால் நட்ட அன்று மத்தியானம், வாசலில் சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, சேலைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து புதிய சிட்டுவை வெளியிட்டேன். "மாப்பிள்ளையோட அம்மாளக் காணமே" என்று யாரோ கேட்டதும், "தலைவலின்னு படுத்திருக்கறா" என்று அப்பா சொன்னதும் காதில் விழுந்தது.

திட்டினார்கள். ஒரே பக்கம் திறக்கிற ப்ரவுசரை யார் வைத்துக்கொள்வார்கள் என்று எழுதினார்கள். பாதிப் பேர் போய்விட்டார்கள். சரஸ்வதியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு எதுக்குங்க டீச்சர் நாலு பக்கம்? காதுல ஒரு பக்கந்தானுங்க கேக்க முடியும்" என்று சிரித்தார். ஆனால் நான் பயந்தது அவர்களுக்கு அல்ல. பொதுவில் இருப்பதை யாரும் பார்க்கலாம், நீயும் பார்த்திருக்கிறாய். மறுநாள் மஞ்சள் பூசிய முகத்தோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாய். "எல்லாத்தையும் எடுத்துட்டீங்களாம்மா?" என்றாய். "எடுத்துப்போட்டேன் கண்ணு" என்றேன். "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். அந்தச் சரி, செய்தது சரி என்ற சரியா, போகட்டும் என்ற சரியா என்று தெரியாமல்தான் நான் உன் கல்யாணத்தில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் காவ்யா என்னோடு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க அத்தை, அவரு ஆபீஸ்ல என்னதான் செய்யறாரு? கேட்டா ஒரு பட்டன நகத்தறேங்கறாரு. நாலு மாசமா ஒரு பட்டனையா நகத்துவாங்க?" எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. ஒரு முழு ப்ரவுசரைத் தனி ஆளாக எழுதியவன் நீ. அங்கே ஒரு மூலையில் ஒரு மெனுவைக் கொஞ்சம் இடப்பக்கம் வைப்பதா வலப்பக்கம் வைப்பதா என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாய். காவ்யா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவரு நல்லா இல்லீங்க அத்தை. என்னாலதான்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்பத்தான் தெரியுது, எங்க அப்பா ஊட்ல எதிர்பாத்துட்டாங்கன்னு அந்த வேலைக்குப் போயிருக்கறாரு. எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கவே இல்லீங்களே" என்றாள். நீ அவளிடம் பேசு. அவள் குடும்பத்தை நினைத்து நீ அடைபட்டிருக்கிறாய், உன்னை அடைத்து வைத்தது தான்தானோ என்று அவள் அடைபட்டிருக்கிறாள். இதற்கு ஒப்பந்தம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

கம்பெனி உன்னை வெளிநாட்டுக்கு மாற்றி, பீளமேட்டில் விமானம் ஏறப் போகும்போது நீ என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாய். "கொஞ்ச நாள்தாங்கம்மா. அப்புறம் உட்டுப்போட்டு வந்தர்றேன். சிட்டுவ எங்கிட்டயே குடுத்துருங்க, நீங்க நிம்மதியா இருங்க." நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்போது சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன்.

நான் நிம்மதியாக இல்லைதான். எழுந்ததும் முதல் வேலை, இரவோடு இரவாக யார் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. அமராவதி அணைக்கு ஒருமுறை கூட்டிப் போகச் சொல்லி அப்பா எத்தனையோ தரம் கேட்டுவிட்டார், கிளம்புகிற அன்றுதான் எதாவது வந்து நிற்கும். சும்மா கிடைக்கிற பொருளுக்கு இத்தனை அதிகாரமா என்று அவர் கேட்கிறார். முன்பின் தெரியாதவர்கள் எல்லோருக்கும் நான் வேலைக்காரி ஆகிவிட்டேன், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாமலே. விட்டுவிட்டு எழுந்து போக முடியவில்லை. ஆனால் நீ "எங்கிட்டயே குடுத்துருங்க" என்று சொன்னதும் எனக்குள் எழுந்தது சந்தோஷம் இல்லை கண்ணு. பையைப் பிடுங்க வருகிறவரைப் பார்த்ததும் இறுக்கிப் பிடிப்போமே, அந்த மாதிரி இருந்தது. அதை அங்கே, எல்லோரும் கை காட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், என் பிள்ளையின் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

அதனால் சொல்கிறேன், சிட்டுவுக்காக வேலையை விடாதே. அந்த வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்றால், அதற்காக விடு. அம்மா கஷ்டப்படுகிறாள், அவளை விடுவிக்க வேண்டும் என்று ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டு வந்தால், இங்கே வந்தும் நீ அதே மாதிரிதான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். யாருக்காகவோ ஒரு வாசலுக்குள் போனாய், இன்னொருவருக்காக இன்னொரு வாசலுக்குள் வராதே. ஒரு நாள் அந்தக் கையெழுத்து உன்னை விட்டுப்போனால், மற்றவர்கள் வருகிற வழியில் வா. நீ எழுதியதை அனுப்பு. நானும் இரினாவும் பார்ப்போம். நன்றாக இருந்தால் சேர்ப்போம், இல்லாவிட்டால் காரணம் எழுதித் திருப்பி அனுப்புவேன். நீ என் பிள்ளை என்பதற்காக வரிக்கு வரி இன்னும் கடுமையாகத்தான் பார்ப்பேன், அது என்னால் மாற்றிக்கொள்ள முடியாது.

இன்று காலை சரஸ்வதி ஒரு குறை எழுதியிருந்தார். ஒரு பக்கத்தை மூடி அடுத்ததைத் திறக்கும்போது, படித்துக் காட்டும் குரல் பாதியில் நின்று மறுபடி முதல் வரிக்கே போய்விடுகிறதாம். எங்கே என்று தேடிப் பார்த்தேன். உன்னுடையது என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு வரிகூட இல்லை. முழுக்க முழுக்க நான் எழுதியது, முழுக்க முழுக்க என் பிழை. இத்தனை காலமும் உன் எழுத்தில் தடவித் தடவி நடந்தவள், முதல் தடவையாக என் எழுத்திலேயே தடுக்கி விழுந்திருக்கிறேன். அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "தப்புப் பண்ணினதுக்கா இத்தன சிரிப்பு?" என்று கேட்டுவிட்டு, இன்றைக்கும் வெளியே கிளம்ப மாட்டோம் என்று புரிந்துகொண்டு, போட்ட சட்டையைக் கழற்றிக் கொடியில் மாட்டினார்.

நான் போய் அதைச் சரிசெய்ய வேண்டும். எங்கே தப்பு என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும், எனக்கு அது தெரியும். வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பேசு. இதற்கு மட்டும் பதில் எழுதிவிடாதே, கண்ணு.

அம்மா